நூறு படுக்கையில் பதினெட்டு: இங்கிலாந்து மருத்துவமனைகளில் நீரிழிவுச் செவிலியர் பற்றாக்குறை

இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் நீரிழிவு நோயாளிகளுக்கென்று தனி வார்டு பெரும்பாலும் கிடையாது. ஆனால் அவர்கள் இல்லாத வார்டும் கிடையாது. 2017-இல் நடந்த தேசிய உள்நோயாளி நீரிழிவுத் தணிக்கையின்படி, நூறு படுக்கைகளில் பதினெட்டில் நீரிழிவு உள்ளவர் படுத்திருந்தார். 2010-இல் இது பதினைந்தாக இருந்தது. இவர்களில் சர்க்கரைக் கோளாறுக்காகவே சேர்க்கப்பட்டவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. மற்றவர்கள் இடுப்பெலும்பு முறிந்தும், நிமோனியா கண்டும், மாரடைப்பு வந்தும், அறுவைக்காகவும் வந்தவர்கள். எலும்பு வார்டில் இருக்கும் செவிலியருக்கு எலும்பு தெரியும்; இதய வார்டில் இருப்பவருக்கு இதயம் தெரியும். நோயாளி கூடவே கொண்டுவந்த சர்க்கரை நோயைக் கவனிப்பது தங்கள் முதல் வேலை என்று எந்த வார்டும் நினைப்பதில்லை. இதனால்தான் நீரிழிவுப் பிரிவின் ஆள் பற்றாக்குறை மற்றப் பிரிவுகளின் பற்றாக்குறையைப் போலக் கண்ணில் படுவதில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு பேர் குறைந்தால் அன்றைக்கே படுக்கைகளை மூடவேண்டி வரும். நீரிழிவுச் செவிலியர் பணியிடம் ஒரு வருடம் காலியாகக் கிடந்தாலும் ஒரு படுக்கைகூட மூடப்படாது.

வீட்டில் இருக்கும்போது இன்சுலின் போடுபவர் தம் வேலையைத் தாமே பார்த்துக்கொள்கிறார். விரலைக் குத்திப் பார்த்து, தட்டில் என்ன இருக்கிறது என்று கணக்கிட்டு, அதற்கேற்ப ஊசி போட்டுக்கொண்டு சாப்பிட உட்காருகிறார். மருத்துவமனைக்குள் வந்ததும் அந்த ஊசி பல இடங்களில் மருந்து அலமாரிக்குள் போய்விடுகிறது. உணவு வண்டி ஒரு நேரத்தில் வருகிறது, மருந்து வண்டி வேறொரு நேரத்தில். உணவோடு சேர்ந்து போகவேண்டிய வேக இன்சுலின் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ போனால், அளவு சரியாக இருந்தும் பயனில்லை. இரவு உணவு மாலை ஐந்து, ஆறு மணிக்கே முடிந்துவிடும் வார்டுகளில், படுக்கும் முன் ஒரு பிஸ்கட்டும் பாலும் கொடுக்க ஆளில்லை என்றால் நோயாளி காலை எட்டு மணிவரை வெறும் வயிற்றோடு இருக்கிறார். இன்சுலின் மட்டும் வேலை செய்துகொண்டே இருக்கிறது. உள்நோயாளிகளுக்குச் சர்க்கரை இறங்குவது அதிகாலை ஐந்துக்கும் ஒன்பதுக்கும் இடையில்தான் மிக அதிகம் என்று தணிக்கை ஆண்டுக்கு ஆண்டு காட்டியது. இரவுப் பணியில் ஆட்கள் மிகக் குறைவு; அதிகாலையில் இருப்பவர்கள் பணியை அடுத்த குழுவிடம் ஒப்படைக்கும் அவசரத்தில் இருப்பார்கள். பின்மாலைத் தேநீர் வண்டியை மிச்சம் பிடிக்கும் நிர்வாகிக்கு இந்தக் கணக்கு எட்டுவதில்லை.

சர்க்கரை இறங்குவது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். ஏறுவதும், ஏறி நஞ்சாவதும் மெல்ல நடப்பவை. கவனிப்பாரற்ற வார்டில் அவைதான் பெரிய ஆபத்து. முதல் வகை நீரிழிவில் உடல் சொந்தமாக இன்சுலினைச் சுரப்பது ஏறக்குறைய இல்லை. ஊசி நின்றுபோனால் செல்களுக்குள் சர்க்கரை போகாது. உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அதன் கழிவாகக் கீட்டோன்கள் சேர்ந்து ரத்தம் அமிலமாகும். கீட்டோஅசிடோசிஸ் எனப்படும் இந்நிலை, மருந்தை விட்டுவிட்டு வீட்டிலிருந்து வருபவருக்கு வந்தால் அது நோயின் விபத்து. மருத்துவமனைப் படுக்கையிலேயே வந்தால் அது பராமரிப்பின் தவறு. 2017 தணிக்கையில், உள்நோயாளியாக இருந்த முதல் வகை நீரிழிவினர் இருபத்தைந்து பேரில் ஒருவருக்கு மருத்துவமனைக்குள்ளேயே கீட்டோஅசிடோசிஸ் வந்திருந்தது.

அதைச் சரிசெய்வதற்கு எவ்வளவு கை தேவை என்பதையும் பார்க்கவேண்டும். பிரிட்டிஷ் நீரிழிவுச் சங்கங்கள் கூட்டாக 2010-இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு 0.1 யூனிட் வீதம் இன்சுலின் ரத்தக்குழாய் வழியே செல்லவேண்டும். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு ஆறு யூனிட். மணிக்கொரு முறை சர்க்கரையும் கீட்டோனும் பார்க்கவேண்டும். கீட்டோன் மணிக்கு அரை மில்லிமோலாவது இறங்குகிறதா என்று கவனித்து, இறங்காவிட்டால் இன்சுலினைக் கூட்டவேண்டும். சர்க்கரை 14 மில்லிமோலுக்கு, அதாவது சுமார் 250 மில்லிகிராமுக்குக் கீழே வந்ததும் குளுக்கோஸ் டிரிப்ஸைச் சேர்க்கவேண்டும். இல்லாவிட்டால் அமிலம் தீருமுன்பே சர்க்கரை பாதாளத்துக்குப் போய்விடும். பொட்டாசியம் தாழ்ந்து இதயத் துடிப்பு தடுமாறாதபடியும் பார்த்துக்கொள்ளவேண்டும். எட்டுப் பேரைப் பார்க்கும் ஒரு செவிலியர் இதில் ஒருவரைக் கையில் எடுத்துக்கொண்டால், மற்ற ஏழு பேருக்கும் அன்றைய பகல் எப்படிப் போகும் என்பது சொல்லாமலே விளங்கும்.

இன்சுலினே தவறுக்கு இடம்கொடுக்கும் மருந்து. யூனிட் என்பதைச் சுருக்கி ஓர் ஆங்கில எழுத்தாகக் கையால் எழுதினால் அது பூஜ்யம் போலத் தெரியும். பத்து யூனிட் நூறாகிவிடும். இன்சுலினுக்கான தனி சிரிஞ்ச் கைக்கு எட்டாதபோது சாதாரண சிரிஞ்சில் அளப்பவரும் உண்டு. ஒரு மில்லிலிட்டரில் நூறு யூனிட் இருப்பதை அந்த அவசரத்தில் மறந்தால் பத்து மடங்கு உள்ளே போய்விடும். இங்கிலாந்தின் தேசிய நோயாளர் பாதுகாப்பு முகமை 2010-இல் வெளியிட்ட எச்சரிக்கை இவ்விரண்டையும் குறிவைத்தே எழுதப்பட்டது: யூனிட் என்பதை முழுச் சொல்லாக எழுதவேண்டும், இன்சுலின் சிரிஞ்ச் தவிர வேறெதிலும் அளக்கக்கூடாது. பின்னர் மில்லிலிட்டருக்கு 200, 300 யூனிட் செறிவுள்ள பேனாக்கள் வந்தபோது, பேனாவிலிருந்து சிரிஞ்சால் மருந்தை உறிஞ்சாதீர்கள் என்று 2016-இல் இன்னொரு எச்சரிக்கை வந்தது. தணிக்கை நடந்த வாரத்தில், 2017-இல், நீரிழிவுள்ள உள்நோயாளிகளில் 31 சதவீதத்தினரின் மருந்துப் பதிவேட்டில் ஏதாவது ஒரு பிழை இருந்தது. எழுதும் மருத்துவர் இளையவர், நோயாளியை முன்பின் பார்த்திராதவர். ஊசி போடும் செவிலியர் அன்றைக்கு மட்டும் ஏஜென்சியிலிருந்து வந்தவர். இப்படிப்பட்ட வார்டில் பிழை வருவதில் வியப்பில்லை. வராமல் தடுக்கும் மூன்றாவது கண் யாருடையது என்பதே கேள்வி.

அந்தக் கண்ணுக்குரியவர்தான் உள்நோயாளி நீரிழிவுச் செவிலியர். இவருக்கென்று வார்டு இல்லை; மருத்துவமனை முழுக்கவும் இவருடைய வார்டு. காலையில் முந்தைய இரவின் சர்க்கரை அளவுகளைப் பார்த்து, மிகத் தாழ்ந்தவர்களையும் மிக உயர்ந்தவர்களையும் பட்டியலிட்டு, மாடி மாடியாக நடக்கிறார். ஸ்டீராய்டு தொடங்கியவருக்கு இன்சுலினைக் கூட்டச் சொல்கிறார். அறுவைக்காகப் பட்டினி கிடப்பவரின் நீண்டநேர இன்சுலினை யாரும் தெரியாமல் நிறுத்திவிடவில்லையே என்று பார்க்கிறார். ஊசியைத் தானே போட்டுக்கொள்ளத் தெரிந்தவரிடம் பேனாவைத் திருப்பிக் கொடுக்க ஏற்பாடு செய்கிறார். இளம் மருத்துவருக்கும் வார்டுச் செவிலியருக்கும் நின்றபடியே பாடம் எடுக்கிறார்.

இந்தப் பணியின் வேர் லெஸ்டர் நகரில் இருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் அங்கே டாக்டர் ஜோன் வாக்கர், சுகாதாரப் பார்வையாளர்களை நீரிழிவு நோயாளிகளின் வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கினார். மருத்துவமனை வார்டுகளுக்கு அந்த வேலை வந்துசேர நெடுங்காலம் பிடித்தது. அதே லெஸ்டரில் 2001-இல் வெளியான ஆய்வு, முந்நூறு உள்நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் நீரிழிவுச் செவிலியரின் கவனிப்பைக் கொடுத்தது. வழக்கமான கவனிப்பில் இடைநிலையாகப் பதினொரு நாள் இருந்த தங்கல், இவருடைய கவனிப்பில் எட்டு நாளாகக் குறைந்தது. வீடு திரும்பியவர்கள் மீண்டும் வந்து சேர்வதும் அதனால் கூடவில்லை. நார்விச் மருத்துவமனையிலும் இப்படியொரு சேவை தொடங்கியபின் நீரிழிவினரின் மிகைத் தங்கல் குறைந்ததாக 2006-இல் எழுதப்பட்டது. ஒரு செவிலியரின் சம்பளத்தை அவர் மிச்சப்படுத்தும் படுக்கை நாட்களே ஈடுகட்டிவிடும் என்பது இருபது வருடங்களுக்கும் மேலாகத் தெரிந்த சங்கதி. ஆனால் சம்பளம் நீரிழிவுப் பிரிவின் கணக்கில் எழுதப்படுகிறது. மிச்சமாகும் படுக்கை எலும்புப் பிரிவுக்கும் அறுவைப் பிரிவுக்கும் போகிறது. பற்றாக்குறை இத்தனை நாள் நீடித்ததற்குப் பாதிக் காரணம் இந்தக் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது.

250 அல்லது 300 படுக்கைக்கு ஒரு முழுநேரச் செவிலியர் என்ற அளவு இங்கிலாந்தில் பல காலமாகப் பேசப்பட்டு வருகிறது. நடப்பு என்ன என்பதை வெளியே கொண்டுவந்தது ஜெரி ரேமன் என்ற இப்ஸ்விச் மருத்துவரின் தலைமையில் நடந்த தணிக்கைதான். செப்டம்பர் இறுதியில் ஒரு நாள் ஒவ்வொரு மருத்துவமனையிலும் படுக்கை படுக்கையாகப் போய், நீரிழிவு உள்ளவர் ஒவ்வொருவருடைய பதிவேட்டையும் புரட்டுவது அதன் முறை. 2017-இல் அது கண்டது: மருத்துவமனைகளில் 28 சதவீதத்தில் இத்தகைய செவிலியர் ஒருவர்கூட இல்லை. இருந்த இடங்களிலும் வார இறுதியில் வருபவர்கள் வெகு சிலர். சனி, ஞாயிறு இன்சுலினுக்குத் தெரியாது. பணிப் பட்டியலுக்குத் தெரியும்.

ஆள் இல்லாத வார்டில் இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஸ்டாஃபோர்ட் மருத்துவமனை பொதுப் பதிவில் நிற்கும் சான்று. 2007 ஏப்ரலில், கீழே விழுந்து கையும் இடுப்பும் முறிந்து 66 வயதுப் பெண் ஒருவர் அங்கே சேர்க்கப்பட்டார். அவருக்கு நீரிழிவு இருப்பது பதிவேட்டில் இருந்தது. பணி மாறும்போது அந்தச் செய்தி அடுத்த குழுவுக்குப் போகவில்லை, தலைமாட்டில் இருந்த குறிப்புகளை யாரும் புரட்டிப் பார்க்கவில்லை, இன்சுலின் போடப்படவில்லை. பத்து நாளில் அவர் கீட்டோஅசிடோசிஸில் இறந்தார். வார்டில் ஆள் குறைவாக இருந்ததும் இந்த இறப்புக்குப் பங்களித்தது என்று மரண விசாரணை நடுவர் குழு 2010-இல் கூறியது. அந்த மருத்துவமனையை நடத்திய அறக்கட்டளை 2013-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டது; அடுத்த ஆண்டு இரண்டு லட்சம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. அந்த மருத்துவமனையைப் பற்றிய ராபர்ட் ஃபிரான்சிஸ் விசாரணை அறிக்கை 2013 பிப்ரவரியில் வந்தபோது, நிதி இலக்கை எட்டுவதற்காகச் செவிலியர்களைக் குறைத்தது அதன் மையக் குற்றச்சாட்டுகளில் ஒன்றாக இருந்தது.

ஃபிரான்சிஸ் அறிக்கையின் சூட்டில், ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளி என்ற விவாதம் கிளம்பியது. நைஸ் எனப்படும் மருத்துவத் தர நிறுவனம் 2014-இல் வயதுவந்தோர் வார்டுகளுக்கு வழிகாட்டி வெளியிட்டது. கட்டாய விகிதம் எதையும் அது வைக்கவில்லை. பகலில் ஒருவருக்கு எட்டுப் பேருக்கு மேல் போனால் தீங்கு கூடும், கவனியுங்கள் என்றது. மறு ஆண்டே, செவிலியர் எண்ணிக்கை பற்றிய அதன் பணித்திட்டம் நிறுத்தப்பட்டது. வேல்ஸோ 2016-இல் செவிலியர் எண்ணிக்கைக்கென்று சட்டமே இயற்றியது. இந்த விவாதம் முழுவதும் வார்டைப் பற்றியது. வார்டுகளுக்கு நடுவே நடப்பவர் அதில் இடம்பெறவில்லை. எந்த வார்டின் எண்ணிக்கையிலும் சேராதவர் என்பதால், பணம் நெருக்கும்போது முதலில் கைவைக்க வசதியானவரும் அவரே. வார்டில் ஆள் குறைந்த நாளில் நீரிழிவுச் செவிலியரையே சீருடை மாற்றி அங்கே நிறுத்துவதும் உண்டு. அன்றைக்கு அந்த வார்டின் எண்ணிக்கை சரியாகிவிடும். மற்ற எல்லா வார்டிலும் அவர் பார்த்திருக்கவேண்டியவர்கள் பார்க்கப்படாமல் போவார்கள்.

பணியிடத்தை உருவாக்கினாலும் ஆள் எங்கே என்பது அடுத்த சிக்கல். நீரிழிவுச் செவிலியர் நேராகக் கல்லூரியிலிருந்து வருபவர் அல்லர். சில வருடம் வார்டில் வேலை பார்த்து, பிறகு தனிப் பயிற்சி பெற்று வருகிறார்; பலர் மருந்து எழுதும் தகுதியும் பெறுகிறார்கள். அதாவது, ஏற்கெனவே வற்றிக்கொண்டிருக்கும் வார்டுக் குளத்திலிருந்தே இவரை மொள்ளவேண்டும். 2016-இல் எடுத்த பணியாளர் கணக்கெடுப்பில், பணியில் இருந்த நீரிழிவுச் செவிலியரில் 57 சதவீதத்தினர் அடுத்த பத்து ஆண்டுகளுக்குள் ஓய்வு பெறும் வயதை எட்டுபவர்களாக இருந்தார்கள். வேலைச் சுமை நோயாளியின் பாதுகாப்பைப் பாதிக்கிறது என்று கவலைப்பட்டவர்கள் 78 சதவீதம். அடுத்த வருடமே இங்கிலாந்து அரசு செவிலியர் மாணவருக்கான உதவித்தொகையை நிறுத்திக் கடனாக மாற்றியது. 2020-இல் ஐயாயிரம் பவுண்டு மானியம் என்று ஒரு பகுதியைத் திருப்பித் தந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதற்கான 2016 வாக்கெடுப்புக்குப் பின் ஐரோப்பாவிலிருந்து வரும் செவிலியர் எண்ணிக்கை சரிந்தது. 2022-இல் இங்கிலாந்தில் மட்டும் காலியாக இருந்த செவிலியர் இடங்கள் 40,000-க்கும் மேல்.

அந்த இடைவெளியை நிரப்பப் போனவர்களில் இந்தியாவில் பயின்றவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள்; அவர்களில் கேரளத்தாரும் தமிழகத்தாரும் கணிசமானவர்கள். செய்முறைத் தேர்வில் தேறி வார்டில் நிற்கும் இவர்களுக்குச் சர்க்கரை நோய் புதிதல்ல. அளவுகள்தாம் புதிது. ஊரில் 72 மில்லிகிராம் என்று படித்தது அங்கே 4 மில்லிமோல். பதினெட்டால் பெருக்கியோ வகுத்தோதான் இரண்டையும் பொருத்தவேண்டும். ஊரின் மருந்துக்கடையில் மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் அதற்கான சிவப்பு மூடி சிரிஞ்சும் இன்னும் கிடைக்கின்றன. பிரிட்டனில் குப்பிகளில் வழக்கத்தில் உள்ளது நூறு யூனிட் மட்டுமே. இப்படிப்பட்ட சிறு வேறுபாடுகளை அருகில் நின்று சொல்லித்தரவேண்டியவர் நீரிழிவுச் செவிலியர்தான். புதியவர்கள் அதிகம் வரும் மருத்துவமனைக்கே அவர் அதிகம் தேவை.

மருத்துவர் நிலைமையும் இதிலிருந்து விலகியதல்ல. நீரிழிவு, நாளமில்லாச் சுரப்பி நிபுணர்கள் பொது மருத்துவப் பணியையும் சேர்த்தே சுமக்கிறார்கள். அவசரப் பிரிவில் குவியும் முதியோர்களைப் பார்ப்பதில் அவர்களுடைய வாரத்தின் பெரும்பங்கு கழிகிறது. குளிர்காலத்தில் இன்னும் மோசம். பயிற்சியில் இருப்பவர்களுக்கும் நீரிழிவைக் கற்கும் நேரத்தைவிடப் பொது வார்டில் நிற்கும் நேரம் கூடுதல். உணவியலாளர், மருந்தாளுநர் பற்றாக்குறையும் உண்டு. பாத மருத்துவர்கள் விஷயம் தனியாகச் சொல்லத்தக்கது. செவிலியருக்குப் போலவே இவர்களுக்கும் உதவித்தொகை போனபின் இந்தப் படிப்புக்கு வருபவர்கள் குறைந்தார்கள். நரம்பு மரத்த பாதத்தில் குதிகால் மெத்தையில் அழுந்தி அழுந்திப் புண்ணாவதை நோயாளியே உணர்வதில்லை. எனவே சேர்ந்த உடனேயே பாதத்தைப் பார்க்கவேண்டும், புண் இருந்தால் ஒரு வேலை நாளுக்குள் பாதக் குழுவுக்குத் தெரிவிக்கவேண்டும் என்று நைஸ் சொல்கிறது. பாத மருத்துவர் கிடைக்காத வார்டுக்காகவே உருவானதுபோல இப்ஸ்விச்சிலிருந்து எளிய சோதனை ஒன்று வந்தது. நோயாளி கண்ணை மூடிக்கொள்கிறார். இரு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளைச் செவிலியர் தம் விரல்நுனியால் ஓரிரு நொடி மெல்லத் தொடுகிறார். ஆறில் இரண்டு தொடுகையாவது தெரியாமல் போனால் அவருடைய பாதங்கள் ஆபத்தில் இருக்கின்றன. கருவி வேண்டாம், ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடமும் சாக்ஸைக் கழற்றும் பொறுமையும் வேண்டும் என்பதுதான் சிக்கல்.

எண்ணிக்கை வெளியே வந்தது வீண்போகவில்லை. 2017-இல் இங்கிலாந்தின் சுகாதார நிர்வாகம் நீரிழிவுப் பராமரிப்புக்கென ஒதுக்கிய சிறப்பு நிதியில் உள்நோயாளிச் செவிலியரும் பாதக் குழுவும் இரண்டு தலைப்புகளாக இடம்பெற்றன. 2018-இல் டயாபடீஸ் யூகே அமைப்பு மருத்துவமனைப் பாதுகாப்பு பற்றிய தன் அறிக்கையில் இக்குறையை முன்னிறுத்தியது. தேசிய சுகாதாரச் சேவையின் 2019 ஜனவரி நீண்டகாலத் திட்டம், எல்லா மருத்துவமனையிலும் இவ்விரண்டும் இருக்கவேண்டும் என்று எழுத்தில் ஏற்றது. 2019 தணிக்கையில் செவிலியரே இல்லாத மருத்துவமனைகள் 18 சதவீதமாகக் குறைந்திருந்தன. சர்க்கரை இறக்கத்துக்கு ஆளானவர்கள் ஏற்கெனவே 2011-இன் 26 சதவீதத்திலிருந்து 2017-இல் 18-க்கு வந்திருந்தார்கள். ஜெரி ரேமனும் நீரிழிவு மருத்துவர் பார்த்தா காரும் 2020 நவம்பரில் வெளியிட்ட மறுஆய்வு அறிக்கை வாரத்தின் ஏழு நாளும் இயங்கும் குழுவை வலியுறுத்தியது. மருத்துவமனையின் எல்லா குளுக்கோமீட்டரையும் கணினி வலையில் இணைத்து, மோசமான அளவுகள் தாமாகவே நீரிழிவுக் குழுவின் திரைக்கு வரச்செய்யும் ஏற்பாடும் இக்காலத்தில் பரவியது. நடப்பவரின் கால்களை இது மிச்சப்படுத்துகிறது. ஆனால் திரையில் சிவப்பாகத் தெரியும் பெயரிடம் போய் நிற்க யாராவது வேண்டும்.

கோவிட் இந்த முன்னேற்றத்தை நடுவழியில் மறித்தது. 2020 வசந்தத்தில் இங்கிலாந்து மருத்துவமனைகளில் கோவிட்டால் இறந்தவர்களில் மூன்றில் ஒருவர் நீரிழிவு உள்ளவர். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு அந்நோய்க்கு உயிர்காக்கும் மருந்து என்று தெரிந்தபின், சர்க்கரை இன்னும் எகிறியது. அந்த நேரத்திலேயே நீரிழிவுச் செவிலியர்கள் பலர் பொது வார்டுகளுக்கு மாற்றப்பட்டார்கள். படுக்கை படுக்கையாகப் போகும் தணிக்கையும் 2019-க்குப் பிறகு நின்றது. அதன் இடத்தில் வந்த புதிய தணிக்கை, மருத்துவமனைக்குள் நேரும் கடும் தீங்குகளைத் தொடர்ந்து பதிவு செய்கிறது: மீட்பு ஊசி தேவைப்பட்ட சர்க்கரை இறக்கம், கீட்டோஅசிடோசிஸ், இரண்டாம் வகையினருக்கு வரும் கடும் சர்க்கரை ஏற்றம், புதிய பாதப் புண் என்று நான்கு. குழுவில் எத்தனை பேர், வார இறுதியில் யார் என்பதையும் அது கேட்கிறது. தீங்கைக் கண்டு பதிவு செய்யும் வேலை, அதைத் தடுக்கவேண்டிய அதே செவிலியரின் மேசைக்குத்தான் வருகிறது. ஆள் குறைந்த மருத்துவமனையில் தீங்கின் எண்ணிக்கை குறைவாகத் தெரிந்தால், அதைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்வதற்கு முன் பதிவு செய்ய அங்கே யார் இருந்தார்கள் என்று பார்க்கவேண்டியிருக்கிறது.

2023 ஜூனில் வந்த நீண்டகாலப் பணியாளர் திட்டம், அவ்வாண்டு மார்ச்சில் தேசிய சுகாதாரச் சேவையில் 1,12,000 இடங்கள் காலி என்றும், போக்கு மாறாவிட்டால் 2036-37-க்குள் பற்றாக்குறை 2,60,000 முதல் 3,60,000 வரை போகும் என்றும் கணித்தது. செவிலியர் பயிற்சி இடங்களைப் பெருக்குவதே அதன் மருந்து. இப்போது கல்லூரியில் சேரும் மாணவர் படித்து முடித்து, வார்டில் பழகி, நீரிழிவில் தேர்ந்து, தனியாக மாடியேற எட்டுப் பத்து வருடமாகும். 2016 கணக்கெடுப்பில் ஓய்வை நெருங்குபவர்களாக எண்ணப்பட்ட பாதிக்கு மேற்பட்டோரின் பத்தாண்டு கெடுவோ அதற்குள் முடிந்துவிடுகிறது.